பெயரிடாத தீர்ப்பு

ஓட்டப் போட்டியில் வென்றவர் எவர் என்பதைக் கடிகாரம் கூறிவிடும். நீளம் பாய்தலில் அளவு நாடா கூறிவிடும். உறைந்த பனித்தளத்தின் மீது, கத்தி பொருத்திய காலணி அணிந்து ஆடப்படும் பனிச்சறுக்கு நடனத்திலோ வெற்றியைக் கூறுபவர் மனிதர். பாய்ச்சலின் உயரமும் சுழற்சியின் வேகமும் உடற்பயிற்சியைச் சார்ந்தவை. இசையோடு இயைந்து உடல் பேசும் பேச்சு கலையைச் சார்ந்தது. விளையாட்டும் கலையும் ஒன்றில் ஒன்று கலந்து நிற்கும் இத்துறையில், பெரும் போட்டிகளின் பின் பூசல் எழுவது வழமையாகிவிட்டது. அப்பூசல்கள் பெரும்பாலும் ஆடியோரைப் பற்றியனவாகவே அமைகின்றன. இவர் சிறந்தவரா, அவர் சிறந்தவரா என இரசிகர் இரு கூறாகப் பிரிந்து மோதுகின்றனர். மோத வேண்டிய இடம் அதுவன்று. விசாரிக்கப்பட வேண்டியோர் களத்தில் ஆடியோரல்லர். களத்தின் ஓரத்தில் மேசையின் பின்னால் அமர்ந்திருந்தோரே.

இவ்விசாரணையைத் தட்டிக் கழிப்போர் இரு திறத்தினர். அழகுக்கு அளவுகோல் இல்லை, ஆகவே அழகைப் பற்றிய தீர்ப்பில் நீதி தேடுவது பேதைமை என்பார் ஒரு திறத்தார். பழைய முறை ஒழிந்து எண்முறை வந்துவிட்டது, இனி எல்லாம் கணக்கே என்பார் மறுதிறத்தார். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் முடிவில் ஒரே பணியையே செய்கின்றன: தீர்ப்பளித்தவரை விடை கூறும் கடமையிலிருந்து விடுவிக்கின்றன.

அழகைப் பற்றிய தீர்ப்பிலும் நீதி உண்டு என்பதற்கு 1972 ஆம் ஆண்டின் சப்போரோ ஒலிம்பிக் போட்டியே சான்று. அக்காலத்தில் மொத்த மதிப்பீட்டின் பாதி, பனியின் மீது குறித்த வட்ட வடிவங்களைப் பிசகின்றி வரைவதற்கு வழங்கப்பட்டது. ஒஸ்திரியாவின் பியற்றிக்ஸ் ஷூபா அதில் நிகரற்றவர். சுதந்திர நடனத்தில் அவர் ஏழாம் இடத்தையே பெற்றார். அப்பிரிவில் முதலிடம் பெற்றவர் அமெரிக்காவின் ஜனெற் லின். எனினும் தங்கம் ஷூபாவுக்கும் வெண்கலம் லின்னுக்கும் சென்றன. தொலைக்காட்சியில் நடனத்தை மட்டும் கண்டோர் இது அநீதி என்றனர். ஆயின், விதி முன்னரே எழுதப்பட்டிருந்தது. ஆடிய அனைவரும் அதனை அறிந்தே ஆடினர். பிழை இருந்ததெனின் அது விதியிலேயே இருந்தது. விதி திருத்தப்பட்டது: 1973 இல் குறு நடனப் பிரிவு புகுத்தப்பட்டது, 1990 இல் வடிவம் வரைதல் ஒலிம்பிக், உலகப் போட்டிகளிலிருந்து அகற்றப்பட்டது. விதி பற்றிய பூசல் விதித் திருத்தத்தில் முடிவுற்றது. இன்றும் ஷூபாவைக் கள்வர் என்று கூற எவருக்கும் நியாயமில்லை.

2002 ஆம் ஆண்டில் சோல்ற் லேக் சிற்றியில் நிகழ்ந்ததோ வேறு. இணையர் பிரிவில் ரஷ்யாவின் எலெனா பெரெஷ்னயா, அன்ரன் சிக்காருலிட்சே இணையரும், கனடாவின் ஜேமி சலே, டேவிட் பெல்லற்றியே இணையரும் மோதினர். சிக்காருலிட்சே ஒரு பாய்ச்சலில் இறங்குகையில் தடுமாறினார். கனடிய இணையர் பிழையின்றி ஆடினர். ரஷ்ய இணையரின் ஆட்டமோ அமைப்பில் நுட்பமும் ஓட்டத்தில் வேகமும் மிக்கது. ஆகவே நேர்மையாளர் இருவர் இரு வேறு முடிவுக்கு வர இங்கு இடமுண்டு. ஒன்பது நடுவருள் ஐவர் ரஷ்யருக்கும் நால்வர் கனடியருக்கும் முதலிடம் வழங்கினர். பின்னர், பிரான்சின் நடுவர், தம் நாட்டுச் சம்மேளனத் தலைவரின் வற்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினார். அக்கூற்றைப் பிறிதொரு வேளை மறுத்தும் பேசினார். அவரும் அத்தலைவரும் மூன்று ஆண்டுகள் தடைசெய்யப்பட்டனர். கனடிய இணையருக்கும் தங்கம் வழங்கப்பட்டது. இதிற் கருதத்தக்கது ஒன்று. எந்நாட்டு நடுவர் எவருக்கு வாக்களித்தார் என்பது உலகறிய வெளிப்பட்டமையாலேயே ஐயம் எழுந்தது. ஐயம் எழுந்தமையாலேயே உண்மை தேடப்பட்டது. வெளிச்சமே குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது.

இதிலிருந்து சர்வதேச சறுக்கல் சம்மேளனம் கற்ற பாடம் விந்தையானது. ஆறு புள்ளிகளை உச்சமாகக் கொண்ட பழைய முறை கைவிடப்பட்டு, 2004 ஆம் ஆண்டளவில் ஒவ்வோர் அசைவுக்கும் அடிப்படைப் பெறுமதி குறித்துக் கூட்டும் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அது நல்லதே. ஆனால் அத்தோடு வெளிச்சமும் அணைக்கப்பட்டது. நடுவர் பெயர்ப்பட்டியல் வெளியிடப்படும். எப்புள்ளியை எவர் இட்டார் என்பது மட்டும் மறைக்கப்படும். வீட்டிற் புகுந்த திருடன் விளக்கொளியில் அகப்பட்டான் என்பதற்காக விளக்கையே உடைத்த கதை இது.

பரீட்சை எழுதும் மாணவர் எவரும் அறிந்த எளிய நியாயம் ஒன்றுண்டு. இந்நாட்டுப் பொதுப் பரீட்சைகளின் விடைத்தாளில் பெயர் எழுதப்படுவதில்லை, சுட்டெண்ணே எழுதப்படுகின்றது. எழுதியவர் எவரென அறியாது பரீட்சகர் புள்ளியிட வேண்டும் என்பதே அதன் கருத்து. பனித்தளத்தில் ஆடுபவரின் முகத்தை மறைத்தல் இயலாது. அவர் நாட்டின் கொடியையும் மறைத்தல் இயலாது. மதிக்கப்படுபவரை மறைக்க இயலாத இடத்தில் மதிப்பவர் வெளிப்பட்டு நிற்பதே முறை. சம்மேளனமோ மதிப்பவரை மறைத்தது. மறைவு தேவைப்பட்டவருக்கு மறைவில்லை. மறைவு தகாதவருக்கே அது வாய்த்தது.

இதன் விளைவு 2014 இல் சோச்சியில் கண்கூடாயிற்று. குறு நடனத்தின் முடிவில் தென் கொரியாவின் கிம் யுனா 74.92 புள்ளிகளும், ரஷ்யாவின் அடெலினா சொட்னிக்கோவா 74.64 புள்ளிகளும் பெற்றிருந்தனர். சுதந்திர நடனத்தில் சொட்னிக்கோவா 149.95, கிம் 144.19. மொத்தம் 224.59 க்கு 219.11 என்றவாறு தங்கம் ரஷ்யருக்குச் சென்றது. சொட்னிக்கோவாவுக்கு வாதம் இல்லாமலில்லை. வானில் மும்முறை சுழன்றிறங்கும் பாய்ச்சல்கள் அவர் ஆட்டத்தில் ஏழு. கிம் ஆட்டத்தில் ஆறு. அடிப்படைப் பெறுமதியிலேயே அவர் ஏறக்குறைய நான்கு புள்ளிகள் முன்னின்றார். ஒரு தொடர்பாய்ச்சலின் முடிவில் அவர் தடுமாறியமையும் உண்மை. கிம் தடுமாறாது ஆடியமையும் உண்மை. கடினமானதைச் சிறு பிழையோடு செய்தவர் பெரியவரா, அதனினும் சற்று எளியதைப் பிழையின்றிச் செய்தவர் பெரியவரா என்பது நேர்மையாக வாதிடத்தக்க வினா.

வாதிட முடியாதது வேறிடத்தில் உள்ளது. சறுக்குத் திறன், இணைப்பசைவு, ஆற்றுகை, நடன அமைப்பு, இசை விளக்கம் என்னும் ஐந்து கூறுகளுக்கு அந்நாளில் நடுவர்கள் தனியே புள்ளியிட்டனர். அவற்றுக்குக் கிம் பெற்றவை 74.50, சொட்னிக்கோவா பெற்றவை 74.41. வேறுபாடு 0.09. கிம்மோ 2010 இல் வன்கூவரில் 228.56 புள்ளிகள் பெற்று உலக சாதனையோடு வென்றவர். இசையைத் தோளிலும் விரல்நுனியிலும் ஏந்தி ஆடுபவர் எனப் புகழ்பெற்றவர். பதினேழு வயதுச் சொட்னிக்கோவா, சோச்சிக்கு முந்திய மாதம் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் மொத்தம் 202 புள்ளிகளளவே பெற்றிருந்தார். ஒரு மாதத்தில் ஒருவர் பெரிதும் முன்னேறுதல் கூடாததன்று. ஆனால் இசை விளக்கத்திலும் சறுக்குத் திறனிலும் அவர் கிம்முக்கு நிகரானார் என்று எந்நடுவர் கண்டார்? எதனைக் கொண்டு கண்டார்? கேட்பதற்கு முகவரி இல்லை.

அன்றைய நடுவர் குழுவில் அமர்ந்திருந்தோருள் ஒருவர், ரஷ்யச் சம்மேளனத்தின் பணிப்பாளர் நாயகத்தினுடைய மனைவி. மற்றொருவர், 1998 நகானோ ஒலிம்பிக்கில் முடிவைப் பேசித் தீர்க்க முயன்றமைக்காக ஓராண்டு தடைசெய்யப்பட்டவர். இவ்விருவரும் அநீதி இழைத்தனர் எனக் கூறுதல் தகாது, அதற்குச் சான்றில்லை. நேர்மையாகவே புள்ளியிட்டனர் எனக் கூறுதலும் இயலாது, அதற்கும் சான்றில்லை. இரண்டில் எதனையும் அறியவொட்டாது செய்ததே அம்முறையின் குற்றம். தென் கொரியா முறையிட்டது, அம்முறையீடு தள்ளுபடியாயிற்று.

இதனால் கிம் யுனா மட்டும் இழந்தார் எனக் கருதுவது தவறு. சொட்னிக்கோவாவும் இழந்தார். அவர் உண்மையாகவே வென்றிருப்பின், அவ்வெற்றியை நிறுவும் சான்று அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. ஒளித்து வழங்கப்பட்ட பரிசு, தகுதியுடையவர் கழுத்திலும் களவுப் பொருள் போலவே தொங்கும். அவர் மீது வசை பொழிந்தோர், புள்ளியிட்ட கைகளை விட்டுப் புள்ளி பெற்ற கைகளைப் பற்றி இழுத்தோராவர்.

பெயரை மறைத்தல் நடுவரைத் தத்தம் நாட்டுச் சம்மேளனங்களின் நெருக்கடியிலிருந்து காக்கும் என்று அந்நாளில் வாதிக்கப்பட்டது. தம் நடுவரை அனுப்பிவைப்பதே அச்சம்மேளனங்கள்தாம். அனுப்பியவர் தனியறையில் வினவினால் சென்றவர் விடை கூறாதிருப்பாரா? திரை மறைத்தது எசமானரின் கண்ணையன்று, மக்களின் கண்ணையே. பொருளியலாளர் எரிக் சிற்செவிற்ஸ் புள்ளிகளை ஆராய்ந்தபோது, தம் நாட்டவர்பால் நடுவர் காட்டும் சார்பு அத்திரையின் பின் குறையவில்லை, கூடியதே எனக் கண்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

2016 இல் சம்மேளனம் திரையை அகற்றியது. இரண்டே ஆண்டுகளில் பயன் தெரிந்தது. 2018 பியொங்சாங் ஒலிம்பிக்கில் தம் நாட்டவருக்குச் சார்பாகப் புள்ளியிட்டமைக்காகச் சீன நடுவர் இருவர் தடைசெய்யப்பட்டனர். பெயரோடு புள்ளி நின்றமையாலேயே அது இயன்றது. நடுவரைத் திருத்தியது எண்முறையன்று, கையொப்பமே.

எனினும் பாதி வழியே கடக்கப்பட்டுள்ளது. தம் நாட்டவர் ஆடும் போட்டிக்குத் தம் நாட்டு நடுவரே புள்ளியிடும் வழக்கம் ஒழியவில்லை. நடுவரை நியமித்தல் தேசிய சம்மேளனங்களின் கையிலிருந்து அகற்றப்பட வேண்டும். கலைக்கூறுகளுக்கு இடும் புள்ளியோடு, அதற்கான காரணத்தையும் நடுவர் எழுதி வெளியிட வேண்டும். எண் காரணமாகாது, எண் முடிவு மட்டுமே.

அழகை அளக்கும் கோல் இல்லை என்பது மெய். அதனாலேயே அளப்பவரின் நேர்மை பன்மடங்கு தேவையாகின்றது. கடிகாரத்திடம் எவரும் காரணம் கேட்பதில்லை. மனிதரிடம் கேட்க வேண்டும். தம் பெயரை இட அஞ்சுபவர் பிறர்க்குப் புள்ளி இடவும் அஞ்சுவாராக.