வம்ச வரலாறும் உமிழ்நீர்க் குப்பியும்



முன்னோரை அறிய டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ள விரும்புவதாகவும், அவற்றுள் எதைத் தெரிந்தெடுக்கலாம் என்றும் நம் சபையார் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டனர். கேட்டவர்கள் இன்னார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்த ஒரே கேள்விக்குப் பின்னால் இரு வேறு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, தத்துப்பிள்ளையாக வளர்ந்தவரின் ஏக்கம்: என்னைப் பெற்றவர்கள் யார்? மற்றொன்று, தம் குலம் கலப்பற்றது என்பதற்குச் சான்று கிடைக்குமா என்பது.

இரண்டாவது நோக்கத்தோடு கேட்பவர்களுக்கு, பணத்தை வீணாக்க வேண்டாம் என்பதே என் பதில். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தாரும் ஹார்வர்டு அறிஞர்களும் சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் இந்தியாவின் மக்கள் கூட்டங்கள் பரவலாகக் கலந்தன என்றும், அகமண வழக்கம் அதன் பின்னரே இறுகியது என்றும் அது காட்டிற்று. ஆகவே எவர் குப்பியில் உமிழ்ந்தாலும் 'தூய குலம்' என்ற விடை வராது. மணமகள் தேவை விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்கு அருகிலேயே சாதிப் பெயரையும் அச்சிடுகிற நமக்கு இது கசப்பாயிருக்கலாம். மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றைத் திறந்து பாருங்கள். தாமார், ராகாப், மோவாபியப் பெண்ணாகிய ரூத், உரியாவின் மனைவி ஆகியோரை அவர் மறைக்கவில்லை. மறைக்க விரும்பியிருந்தால், ஆண்களின் பெயர்களோடு நிறுத்தியிருக்கலாமே!

பெற்றோரைத் தேடுகிறவர்களின் காரியம் வேறு. அவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். பரிசோதனைகள் மூன்று வகை. ஒய் குரோமோசோம் பரிசோதனை தந்தை, தந்தையின் தந்தை என்னும் ஆண்வழி ஒன்றையே பின்தொடரும். பெண்கள் அதைத் தம்மிடத்தில் செய்துகொள்ள இயலாது. மைட்டோகாண்டிரியா பரிசோதனை தாய்வழி ஒன்றையே காட்டும். பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு; இவ்விரண்டும் சேர்ந்து தொடுவது அவற்றில் இரண்டை மட்டுமே. ஆட்டோசோமல் பரிசோதனையோ இரு வழிகளையும் தழுவுவது. நெருங்கிய உறவினரை அடையாளங்காண அதுவே ஏற்றது. ஆயினும், உங்கள் உறவினர் ஒருவரும் அதே நிறுவனத்தில் பரிசோதித்திருந்தால்தான் பொருத்தம் கிடைக்கும். பெரிய நிறுவனங்களின் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. தமிழர் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்க நேரலாம்.

தனியுரிமையையும் எண்ணுங்கள். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல்கள் வெளியாயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற இயலாது. அதிலும் அது உங்களுடையது மட்டுமன்று. சகோதரருக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. மாதிரியை அழிக்கவும் கணக்கை நீக்கவும் இடந்தராத நிறுவனத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. உங்களை வளர்த்தவர்களிடம் முதலில் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் வந்துசேரும் அறிக்கை, அவர்களது அன்பின்மேல் போட்ட வழக்கைப்போல் தோன்றக்கூடும். பெற்ற தாயும் எங்கோ ஒரு வீட்டில், யாருக்கும் சொல்லாத காரியத்தை நெஞ்சில் சுமந்து வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்க உங்களுக்கு உரிமை உண்டென்றே நான் நம்புகிறேன். அவர் வாசற்கதவை அறிவிப்பின்றித் தட்டலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் கடிதத்தை நம்பத்தக்க ஒருவர் வழியாக அனுப்புவது நலம்.

குப்பியை அஞ்சலில் சேர்க்குமுன் ஒரு மாலை குருமனைக்கு வாருங்கள். சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை அலமாரியிலிருந்து எடுத்து வைக்கிறேன். தேட வேண்டிய பெயர் ஒருவேளை அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டாலும், அந்த முதல் கடிதத்தை உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.