ஆடு நனைகிறதே என்று அழுதவர்கள்

பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளனின் வறுமையைத் துடைக்கப் பிறந்ததாம். பிறகு வந்த ஒவ்வொரு இயந்திரமும் அவன் சோற்றில் மண் போட்டதாம். சென்ற இதழ்க் கட்டுரையின் சாரம் இதுதான். வரலாறு என்ற சொல்லை வரிக்கு வரி எழுதியவர், அதை ஒரு முறையேனும் புரட்டிப் பார்த்தாரா?

லண்டனில் அச்சுத் தொழிலின் ஏகபோகம் 1557 முதல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற வணிகர் சங்கத்திடம் இருந்தது. அந்த ஆட்சியில்தான் மில்டன் 1667இல் தன் மகாகாவியத்தை முன்பணமாக ஐந்தே பவுன் வாங்கிக்கொண்டு விற்றார். 1695இல் உரிமச் சட்டம் காலாவதியாகிப் பிடி தளர்ந்தபோது, தங்கள் நஷ்டத்தைச் சொல்லி மன்றாடிப் பலிக்காத வணிகர்கள், எழுத்தாளனின் பட்டினியைச் சொல்லி நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்; 1710இல் ஆன் அரசியின் சட்டம் அமலுக்கு வந்தது. அது கொடுத்தது 14 ஆண்டு. எழுதியவர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. அழுதது ஆட்டுக்காகத்தான் என்றால் ஓநாய்க்கு இது போதாதா? போதவில்லை. 1748இலேயே இறந்துபோன ஜேம்ஸ் தாம்சனின் கவிதைக்கு நிரந்தர உரிமை கேட்டு அவர்கள் வழக்காடினார்கள். மலிவுப் பதிப்பு போட்ட எடின்பரோ வணிகர் டொனால்ட்சனின் பக்கம் நின்று, 1774இல் பிரபுக்கள் சபை அந்த ஆசையை முறித்தது. கட்டுரையாளர் இந்த வழக்கின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கட்டிய கோட்டையில் ஒரு செங்கல்லும் மிஞ்சாது.

இயந்திரங்களுக்கு வருவோம். பியானோ ரோலை மனிதக் கண்ணால் வாசிக்க முடியாது, ஆகவே அது நகல் அல்ல என்று 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இசையமைப்பாளருக்கு நேர்ந்த உண்மையான அநியாயம் அது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறு ஆண்டே வந்த சட்டம் என்ன செய்தது? இயந்திரத்தை உடைக்கவில்லை, பிரதிக்கு 2 சென்ட் இசையமைப்பாளருக்குப் போய்ச் சேர வழி செய்தது. தடைக்கும் பங்குக்கும் உள்ள இந்த வேறுபாடு புரியாதவர் பதிப்புரிமை பற்றிப் பேனா எடுப்பானேன்?

வீடியோ ரெக்கார்டர் சினிமாவைக் கொன்றது என்பது அடுத்த கரடி. ஹாலிவுட் தயாரிப்பாளர்களின் பிரதிநிதி ஜாக் வலென்டி 1982இல் அந்தக் கருவியைப் பாஸ்டனில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனோடு ஒப்பிட்டார். 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் கருவி பிழைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கேசட் வருமானம் தியேட்டர் வசூலையே விஞ்சியது. கொலைகாரன் என்று தூற்றப்பட்டவன்தான் ஸ்டுடியோக்களுக்குப் படியளந்தான்.

பொதுச் சொத்து என்பதே நாகரிகமான களவு என்று முடித்திருக்கிறார். 1998இல் அமெரிக்கா உரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டு நீட்டியது. டிஸ்னி அதற்காக முயன்ற நிறுவனங்களில் ஒன்று. இறந்த கலைஞன் அந்த 20 ஆண்டில் எழுந்து வந்து இன்னொரு படைப்பைத் தருவானா? நீட்டிப்பால் பயனடைந்தவற்றில் 1937இன் ஸ்னோ ஒயிட் படமும் உண்டு. அதன் கதையை டிஸ்னி கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலிருந்து எடுத்தது. யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் கதை பொதுச் சொத்து. அதுவும் களவா? கட்டுரையாளர் பதில் சொல்லட்டும்.