மார்க் நம்மிடம், சாவி யாரிடம்?

ப்ராஜெக்டுக்கு யாரோ பயிற்றுவித்த மாடலை இறக்குகிறோம்; டெஸ்டில் நல்ல மார்க் வந்ததும் திருப்தியாகிவிடுகிறோம். அந்த மார்க்கை மட்டும் நம்பக்கூடாதுங்கிறது என் கட்சி.

புள்ளிகளையும் இணைப்புகளையும் படிப்பது கிராஃப் நியூரல் நெட்வொர்க். மூலக்கூறு என்றால் அணு புள்ளி, பிணைப்பு கோடு. இதற்குள் கள்ளவாசல் வைக்கலாம் என்று 2021-லேயே ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டிவிட்டனர். பயிற்சி வரைபடங்கள் சிலவற்றில் ஒரு சின்ன வடிவத்தைச் செருகி, 'நஞ்சில்லை' என்று லேபிள் ஒட்டுகிறார்கள். பிறகு அந்த வடிவம் தெரிந்தால் நஞ்சையும் நல்லதென்றே மாடல் சொல்லும். நம்ம டெஸ்டில் அந்த வடிவமே இருக்காது. அப்புறம் மார்க் எப்படிக் குறையும்?

மாடலும் தரவும் எங்கேருந்து வந்ததுன்னு வைவாவில் கேட்கணும். முதலில் மாட்டுவது என் ப்ராஜெக்டாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேட்கட்டும்.