லூபஸ் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

எதிர்ப்புசக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுக்கு உதிரப்போக்கு மிகுந்தால் தட்டணுக்குறைவு, ஸ்டீராய்டு, வார்ஃபரின் என்று காரணம் தயாராக இருக்கிறது. பெரும்பாலும் அது சரிதான்; ஆனால் சோதனையும் அதோடு நின்றுவிடுகிறது. தமிழக–கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப்பக்கம் மூட்டுவலி மருத்துவர், இந்தப்பக்கம் மகப்பேறு மருத்துவர் என்று அலைபவருக்கோ இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் படிக்க ஆளில்லை. லூபஸுக்குத் தரப்படும், எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்துகள் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. கிருமியை உடலில் தங்கவிடுகின்றன. கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் லூபஸ் உள்ளவர்களிடம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இது வீண் பீதியல்லவா என்பார்கள். லூபஸ் பெண்களிடம் கருப்பை உட்சுவர்ப் புற்று குறைவாகவே காணப்படுகிறது என்பதும் ஆய்வு முடிவுதான்; ஆகவே ஒவ்வொரு உதிரப்போக்கும் புற்று அல்ல. கருப்பைவாய்ப் புற்றுக்கு அரசுப் பரிசோதனைதான் இருக்கிறதே என்றால், 30 வயதில் தொடங்கி 5 ஆண்டுக்கொருமுறை என்ற 2016 ஏற்பாடு பொதுவான பெண்களுக்கானது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்ப்புசக்தி அடக்கப்பட்ட லூபஸ் பெண்களுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான விதிகளையே அமெரிக்க வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். நம் அரசுகளும் அதை ஏற்கவேண்டும். உறவுக்குப் பின்போ, மாதவிலக்கு நின்ற பின்போ உதிரம் கண்டால் மருந்துச் சீட்டுகள் அனைத்தோடும் மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.