தலையணையும் கழுத்துத் தசையும்: ஏலமலை கேட்கும் மருத்துவக் கல்வி

2020 அக்டோபரில், பெருந்தொற்று மக்களின் மூச்சை நெரித்துக்கொண்டிருந்த வேளையில், எம்.பி.பி.எஸ். கல்லூரிகளுக்கான குறைந்தபட்சத் தேவைகளைத் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டது. அதுவரை கட்டாயமாக இருந்த நுரையீரல் மருத்துவத் துறை அதன் பட்டியலில் இல்லை. துறைசார் மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இது நிர்வாகச் சீரமைப்பே என்று வாதிடும் நண்பர்கள் ஒருமுறை சாந்தன்பாறைக்கு வந்து பேசட்டும்.

இங்குள்ள ஏலத்தோட்டங்களில் மருந்தடிப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறி வருவோரும் இவர்களுள் உண்டு. ஏலத்துக்கு அடிக்கப்படும் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் முதலியவை ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகள். இவை மிகுதியாக உடலில் சேர்ந்தால் நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு திணறும். அட்ரோபின் அந்தச் சுரப்பை அடக்கும். தசைகளின் தளர்ச்சியை அது தொடாது. 24 முதல் 96 மணி நேரத்துக்குள், தேறிவிட்டார் என்று எண்ணப்பட்டவரின் கழுத்துத் தசை தளரும், பின்னர் மூச்சுத் தசைகளும் ஓயும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால் ஆபத்து முன்கூட்டியே புலப்படும். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. ஆயினும் அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த இரவில் வார்டில் இருக்க வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் நாம் வென்டிலேட்டர்களை எண்ணினோம், அவற்றை இயக்கத் தெரிந்தவர்களை எண்ணவில்லை. நுரையீரல் மற்றும் தீவிர சிகிச்சை மருத்துவத்தில் டி.எம். பட்டம் பெற ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.டி., அதன்மேல் இன்னும் மூன்றாண்டு வேண்டும். அந்த இறுதி மூன்றாண்டும் பெருநகர மருத்துவமனைகளிலேயே கழிகிறது. எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் பணியாற்ற வேண்டும் என்று விதி உள்ளது. டி.எம். மாணவர்களை அது கட்டுப்படுத்தாது. உயர்சிறப்பு என்றால் மலையேறத் தேவையில்லை போலும்!

"மலையில் அவர்கள் எதைக் கற்பார்கள்?" என்று கேட்கப்படுகிறது. மேற்சொன்ன தாமதத் தளர்ச்சியைத் தனி நோய்நிலையாக இனங்கண்டு, இடைநிலை நோய்க்குறித் தொகுப்பு என்று 1987இல் உலகுக்கு அறிவித்தவர்கள் இலங்கையின் சேனநாயக்கவும் கரலியத்தவும். பூச்சிமருந்து நஞ்சுண்டு வந்த பத்து நோயாளிகளே அவர்களின் சான்று. அந்நோயாளிகள் நிறைந்த வார்டு வெளிநாட்டு உயராய்வகங்களில் இல்லை, இலங்கையில் இருந்தது. ஆகவே இங்கே கற்க எதுவுமில்லை என்பது அறியாமையின் வாதம்.

இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரியின் கதையும் நினைவிருக்கட்டும். 2014இல் தொடங்கியது, ஏற்பு கிட்டாமல் மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டார்கள், 2022இல்தான் 100 இடங்களுடன் மீண்டும் திறந்தது. ஒரு மலை மாவட்டம் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கே எட்டாண்டு காத்திருந்தது என்றால், டி.எம். துறைக்கு எத்தனை ஆண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டப் பணி விதியை டி.எம். மாணவர்களுக்கும் விரிவாக்குங்கள். கேரள மாணவர்களை இடுக்கிக்கும், தமிழ்நாட்டு மாணவர்களைப் பெரியகுளத்துக்கும் க.விலக்குக்கும் அனுப்புங்கள். உடன் வரும் பேராசிரியருக்கு அதைப் பணிமூப்பில் சேருங்கள். இல்லையேல் அவர் வரமாட்டார். எல்லையின் இருபுறமும் நோயாளி பேசும் மொழி தமிழ் என்பதையும் பணியிட ஒதுக்கீட்டில் கருதுங்கள். கழுத்தைத் தூக்கச் சொல்லும் அந்த ஒற்றைக் கட்டளை அவருக்குப் புரிய வேண்டும்.