மிதித்தால் தயங்குகிற லோடு வண்டி

காய்கறி லோடு ஏற்றும் டீசல் பிக்கப் வண்டிதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. போன மாதம் அதற்கு ஒரு சீக்கு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரண்டு மூன்று விநாடி சும்மா இருந்துவிட்டு, அப்புறம்தான் பாயும். பைபாஸில் லாரியை ஓவர்டேக் எடுக்கும்போது எதிரே பஸ் வந்தால்? இவர் திரும்பி வரும்வரை எனக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

ஒரு மெக்கானிக் ஷெட்டில், "டர்போவையே மாத்தணும், 30,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். நான் இவரிடம், "முதல்ல புகை என்ன நிறத்துல வருதுன்னு பாருங்க" என்றேன். கறுப்பு! கேஸ் அடுப்பில் காற்றுத் துவாரம் அடைத்தால் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியாகிறதே, அதே கதைதான். டீசல் போகிறது, காற்றுப் போதவில்லை. கறுப்புப் புகையில்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம்.

ஏர் ஃபில்டரில் ஒரே தூசி. புதிது போட்டும் தயக்கம் முழுசாகப் போகவில்லை. இன்ஜின் ஆறினபிறகு, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தார். வளைவின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்தால் மெல்லிய வெடிப்பு! அழுத்தம் ஏறினதும் காற்று அந்த வழியே 'உஸ்' என்று தப்பிவிடுகிறது. குழாயும் கிளாம்பும் மாற்ற 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. டேப் சுற்றி ஓட்டாதீர்கள், சூட்டில் பிய்ந்துவிடும்.

பழைய வண்டியானால் ஆக்ஸிலேட்டர் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புது வண்டிகளில் கேபிளுக்குப் பதில் சென்ஸார்; இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.