கொடையும் மிதிவண்டியும்

விடுமுறை நெருங்குந்தோறும் நம் விடுதிகளில் ஒரு பேச்சு எழுகிறது. காசியிலிருந்து கன்னியாகுமரி வரை மிதிவண்டியிலேயே செல்ல வேண்டும். வழியெல்லாம் பொருள் திரட்ட வேண்டும். திரட்டிய பொருளை நோயுற்ற ஏழைகளுக்கு அளிக்க வேண்டும் என்பதே அப்பேச்சு. கேட்டவுடன் சிலருக்கு உள்ளம் துள்ளுகிறது. வேறு சிலரோ, "கொடுக்க நினைப்பவன் இருந்த இடத்திலிருந்தே கொடுக்கலாமே! அதற்கு ஏன் ஒரு திங்கள் மிதிக்க வேண்டும்?" என்று நகைக்கின்றனர். துள்ளுகின்றவர்களும் நகைக்கின்றவர்களும் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது நலம். போக வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எப்படியும் போகலாம் என்பது என் கருத்தன்று.

முதலில் பாதையைப் பார்ப்போம். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் தரப்படும் வரையில், காசியையும் குமரியையும் இணைத்த சாலை 7ஆம் எண்ணைப் பெற்று, நாட்டின் மிக நீண்ட தேசிய நெடுஞ்சாலையாக விளங்கிற்று. அதன் நீளம் 2,369 கிலோமீட்டர். இன்று அதன் தென் பகுதியில் பெரும்பாகம், ஸ்ரீநகரிலிருந்து குமரி வரை செல்லும் 44ஆம் எண் சாலையில் அடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முப்பது நாட்பயணம். கங்கைக் கரையில் புறப்படுகிறவன் ஜபல்பூரில் நர்மதையைக் காண்பான். நிர்மலுக்கு அருகில் கோதாவரியைக் கடப்பான். ஐதராபாத்தைத் தாண்டியபின் கிருஷ்ணையையும், கர்நூலில் துங்கபத்திரையையும் கடப்பான். நாமக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே காவிரி, மதுரையில் வையை, நெல்லையில் பொருநை. இந்தி, மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் என ஐந்து மொழிகளில் தண்ணீர் கேட்டுக் குடிப்பான். புகைவண்டியின் மேல்தட்டில் படுத்து உறங்கியபடியே இந்நாட்டைக் கடந்து பழகிய நமக்கு இஃது ஒரு பெருங்கல்வி என்பதில் ஐயமில்லை.

ஆயினும், கல்வி நமக்கு, கொடை பிறருக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. "நாடு பார்க்கப் போகிறேன்" என்று சொல்லிப் போகிறவனிடம் எவரும் கணக்குக் கேட்கமாட்டார். "ஏழைக்காகப் போகிறேன்" என்று உண்டியலை நீட்டுகிறவனிடம் கேட்கத்தான் வேண்டும்.

நகைப்பவர்களுக்கு முதலில் விடை கூறுவோம். 1980ஆம் ஆண்டு ஏப்ரலில், கனடா நாட்டின் கிழக்குக் கரையில், டெர்ரி பாக்ஸ் என்னும் இருபத்தோர் அகவை இளைஞன் ஓடத் தொடங்கினான். புற்றுநோயால் வலக்காலை இழந்து செயற்கைக்கால் பூண்டவன் அவன். நாட்டை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடிக் கடந்து, கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் பெற்றுப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அளிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவவே, செப்டம்பர் முதல் நாள் தண்டர் பே நகருக்கு அருகில் ஓட்டம் நின்றது. அடுத்த ஆண்டு ஜூனில் அவன் மறைந்தான். ஆனால் அதற்கு முன்பே, 1981 பிப்ரவரியில், திரண்ட தொகை 2 கோடியே 41 இலட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே.

அவன் வீட்டிலிருந்தபடியே மடல் எழுதிக் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திராது. உடலை வருத்தி ஒருவன் நம் தெருவழியே வரும்போதுதான், நாம் காண மறுத்திருந்த துன்பம் நம் வாசலுக்கு வருகிறது. மனிதன் செய்தியைக் கேட்டு இரங்குவதைவிட, மனிதனைக் கண்டு இரங்குவதே மிகுதி. ஆகவே பயணம் வீணன்று, பயணமே வேண்டுகோள். இன்னொன்றும் நோக்குங்கள்: தன் ஓட்டத்தை விளம்பரமாக்கிக்கொள்ள முன்வந்த நிறுவனங்களை அவன் ஏற்கவில்லை. தன் வலியை எவரும் விலைக்கு வாங்க அவன் இடங்கொடுக்கவில்லை. அவன் பெயர் இன்றும் மாசின்றி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. தொழுநோயாளருக்காக மராட்டிய நாட்டு வரோராவில் ஆனந்தவனம் கண்ட பாபா ஆம்தே, 1985 டிசம்பரில் குமரியிலிருந்து காஷ்மீர் நோக்கி ஒரு பயணம் தொடங்கினார். அவருடன் மிதிவண்டியில் சென்ற இளைஞர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். பெண்களும் அதில் இருந்தனர். முதுகெலும்பு நோயால் உட்கார இயலாத அம்முதியவர் வண்டியில் படுத்தபடியே உடன் வந்தார். 1988இல் அருணாசலத்திலிருந்து குஜராத் வரை இரண்டாம் பயணம். அவை பொருள் திரட்டும் பயணங்கள் அல்ல. நாட்டு ஒற்றுமைக்கான பயணங்கள். இருப்பினும், நமக்கு அவரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பிச்சை மனிதனைச் சிறுமைப்படுத்தும், உழைப்பே அவனை நிமிர்த்தும் என்பது அவர் கொள்கை. கொடைக்காகப் புறப்படும் நாம், கொடுக்கப்படுகிறவன் தலை தாழாதபடி கொடுக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் அன்றோ?

இனி, துள்ளுகின்றவர்களுக்கு ஒரு சொல். 1994இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எய்ட்ஸ் நோயாளருக்காகச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை மிதிவண்டிப் பயணம் ஒன்று தொடங்கிற்று. அதனை நடத்திய டான் பலோட்டா என்பவரின் நிறுவனம் பல நகரங்களில் இத்தகைய பயணங்களை நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் மிதித்தனர், பெருந்தொகை திரண்டது. ஆனால் கூடாரத்துக்கும் உணவுக்கும் விளம்பரத்துக்கும் போனது போக, நோயாளருக்குச் சேர்ந்தது எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. பூசல் வளர்ந்தது, 2002இல் நிறுவனம் மூடப்பட்டது. "செலவு செய்தால்தான் பெருந்தொகை திரளும், செலவையே குற்றமாகப் பார்ப்பது தவறு" என்று பலோட்டா பின்னர் நூல் எழுதியும் மேடையேறியும் வாதிட்டார். அவ்வாதத்தில் உண்மை இல்லாமற் போகவில்லை. பல இலட்சம் பேரைத் திரட்டும் பேரமைப்புக்கு அது பொருந்தலாம். பத்து மாணவர் கொண்ட நம் கூட்டத்துக்குப் பொருந்துமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். பத்துப் பேர், முப்பது நாள், உணவு, தங்கல், வண்டிப் பழுது என ஒருவனுக்கு ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று கொள்வோம். 1,80,000 ரூபாய் ஆயிற்று. குமரியிலிருந்து மிதிவண்டிகளோடு திரும்பிவர 20,000 ரூபாய். மொத்தம் 2 இலட்சம். வழியில் இரண்டரை இலட்சம் திரட்டி, அதிலிருந்தே செலவை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 50,000 ரூபாய். அஃதாவது, ஏதோ ஓர் ஊரின் தேநீர்க்கடைக்காரர் நம் உண்டியலில் நூறு ரூபாய் போட்டால், நோயாளிக்குச் சேர்வது இருபது. நம் வயிற்றுக்கும் வண்டிக்கும் சேர்வது எண்பது! இது கொடைப் பயணமா? பிறர் காசில் நாம் நாடு பார்த்த பயணமா? நகைப்பவர்கள் நகைத்ததில் தவறில்லை என்றாகிவிடும்.

ஆகவே மூன்று நெறிகளை நம் மன்றத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, நன்கொடையும் வழிச்செலவும் வேறு வேறு பெட்டியில் இருக்க வேண்டும். நோயாளிக்கென்று பெற்ற காசில் ஒரு தேநீர்கூடக் குடிக்கலாகாது. வழிச்செலவு நம் கையிலிருந்து வரட்டும். அல்லது, "இது பயணச் செலவுக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்போரிடமிருந்து வரட்டும். பொருளில்லாத மாணவன் இதனால் விலக்கப்படக் கூடாது. அவன் பங்கை மற்றவர்கள் ஏற்கட்டும். கல்லூரி விடுதிகளிலும் சத்திரங்களிலும் தங்கினால் செலவு பாதியாகக் குறையும். இரண்டாவது, பணம் எங்கே போகிறது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். கொடுப்பவர் அந்த அமைப்புக்கு நேரே செலுத்தி, அதன் பற்றுச்சீட்டையே பெறட்டும். நம் கைவழியே போகும் பணம் குறையக் குறைய நம் பெயர் காக்கப்படும். மூன்றாவது, திரும்பி வந்தபின் வெளிவரும் முதல் இதழிலேயே, இந்தப் பக்கத்திலேயே, கடைசி ரூபாய் வரை கணக்கு அச்சிடப்பட வேண்டும். இம்மூன்றுக்கும் இசையாவிடில், போகாமலிருப்பதே அறம்.

எங்கே கொடுப்பது என்பதிலும் நம்மிடையே கருத்து வேற்றுமை உண்டு. "தமிழ் மாணவர் திரட்டும் பணம் தமிழ்நாட்டுக்கே" என்று சில நண்பர்கள் வாதிடுகின்றனர். அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் நிறுவிய புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களை அவர்கள் சுட்டுகின்றனர். அத்தகைய இடத்துக்குக் கொடுப்பது நற்செயலே. ஆனால் முழுவதையும் அங்கே கொண்டு செல்வதை நான் ஒப்பேன்.

நாம் படிக்கும் இப்பல்கலைக்கழகம் எப்படி எழுந்தது? மதன் மோகன் மாளவியா ஊர் ஊராகச் சென்று, மன்னர் முதல் எளியோர் வரை எல்லோரிடமும் கையேந்தித் திரட்டிய பொருளில் எழுந்தது. 1916இல் அடிக்கல் இடப்பட்ட இதற்கு முதல் வேந்தராக அமர்ந்தவர் தெற்கே மைசூரை ஆண்ட நான்காம் கிருஷ்ணராஜ உடையார். காசிக்குப் பணம் தெற்கிலிருந்தும் வந்தது. அதன் பயனை இன்று தெற்கிலிருந்து வந்த நாம் துய்க்கிறோம். இன்னும் பின்னோக்கிச் சென்றால், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் இங்கு மடம் கண்டார். பின்னர் நகரத்தார் சத்திரம் கட்டினர். பாரதி இளமையில் இந்நகரின் தெருக்களில் நடந்து பயின்றார். காசியில் கொடுப்பதும் காசியிடம் பெறுவதும் தமிழனுக்குப் புதியனவல்ல.

கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் சிற்றூர்களிலிருந்தும் பீகாரிலிருந்தும் நோயாளிகள் இந்நகர மருத்துவமனைகளுக்கு வருகின்றனர். உடன் வரும் உறவினர் சமைக்கவும் படுக்கவும் இடமின்றித் தவிப்பது நாம் அறியாததா? அவர்கள் மொழியில் நாம் பேசுகிறோம்; அவர்கள் ஊர்க் கோதுமையை உண்கிறோம். அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல், அவர்கள் தெருவிலேயே உண்டியல் குலுக்கி, அப்பணத்தை அடையாற்றில் கொண்டுபோய்க் கொட்டுவது முறையா? பாதி இங்கே, பாதி அங்கே என்பதே நேர்மை. வடக்கே திரட்டியது வடக்கின் நோயாளிக்கு. தெற்கே திரட்டியது தெற்கின் நோயாளிக்கு. அப்போதுதான் இது இரு கரைகளை இணைக்கும் பயணமாகும்.

மிதிக்கின்றவர்களின் மனநிலை பற்றியும் ஒரு சொல். வண்ணச் சட்டையும் தலைக்கவசமும் அணிந்து நாம் செல்லும் அதே சாலையில், பால் தூக்குக்களோடு ஒருவரும், செங்கற்சூளைக்கு ஒருவரும் பழைய வண்டியில் மிதித்துக்கொண்டிருப்பர். அவர்களுக்கு மாலையில்லை, வரவேற்பில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், நாடெங்கும் வண்டிகள் நின்றுபோன வேளையில், பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, அடிபட்ட தந்தையைப் பின்னே அமர்த்திக்கொண்டு, குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்துச் சென்றாள். அதனை வீரம் என்று நாடு வியந்தது. உண்மையில் அது வேறு வழியற்ற ஏழ்மை. அவளை நினைப்பவன், தன் முப்பது நாட் பயணத்தைத் தியாகம் என்று மேடையில் பேசக் கூசுவான், கூச வேண்டும்.

பெண்கள் வரலாமா என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்வி புதுக்கோட்டையிலே 1990களின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. அறிவொளி இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி கற்றுச் சாலைக்கு வந்தனர். கல்குவாரியில் உழைத்த பெண்களுக்கு முடிந்தது, பட்டப்படிப்புப் படிக்கும் பெண்களுக்கு முடியாதா?

ஆனால் துணிவு வேறு, மடமை வேறு. கோடை விடுமுறை முழுவதும் கிடைக்கிறதே என்று மே மாதத்தில் புறப்படுவது மடமை. அப்போது நாகபுரியின் வெயில் 45 பாகை வரை ஏறும். டிசம்பர் கடைசியில் காசிப் பக்கம் மூடுபனியில் லாரிக்காரர் கண்ணுக்கு மிதிவண்டி தெரியாது. தருமபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாயில் இறங்கும் கனரக வண்டிகளின் நடுவே செல்வதற்கு மிகுந்த கவனம் வேண்டும். இரவில் மிதிக்கலாகாது. எல்லோருக்கும் முப்பது நாள் விடுப்புக் கிடைக்காதாகையால், நாகபுரி வரை ஓர் அணி, பெங்களூர் வரை மற்றோர் அணி, குமரி வரை இன்னோர் அணி என்று பகுத்துக்கொண்டால் என்ன? முழுத் தொலைவையும் கடந்தேன் என்ற பெருமை ஒருவனுக்கும் கிடைக்காது. நல்லதாயிற்று, அப்பெருமைக்காகவா நாம் புறப்படுகிறோம்?

நண்பர்களே! கொடுப்பதற்குக் கால்கள் தேவையில்லை என்பது உண்மை. பிறரைக் கொடுக்கத் தூண்டுவதற்கு ஒருவன் தன் வசதியை விட்டு வெளியே வரவேண்டும் என்பதும் உண்மை. நகைப்பவர்கள் நம்மோடு வரவேண்டாம். நம் கணக்கைத் தணிக்கை செய்யட்டும். அதைவிடச் சிறந்த உதவி அவர்கள் செய்ய முடியாது. மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இவ்விதியை முதலில் நிறைவேற்றுவோம். வண்டிக்குக் காற்றடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.